ராஜினாமாவுக்கும் விசாவுக்கும் நடுவே

பிடிக்காத வேலையை இப்போதே உதறுவதா, வளைகுடா விசா வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருப்பதா? மும்பைத் தமிழர்கள் பலருக்குப் பழகிய தவிப்பு இது. ஆனால் கணக்கு பேட்டைக்குப் பேட்டை மாறுகிறது. செம்பூரிலோ மாட்டுங்காவிலோ இருக்கும் நிரந்தரக் கம்பெனி ஊழியரைத் தடுப்பது கிராஜுவிட்டி. 1972 சட்டம் வகுத்த விதி இன்றும் தொடர்கிறது: ஐந்தாண்டு முடித்தால் ஆண்டுக்கு 15 நாள் சம்பளம், அதற்குமுன் கிளம்பினால் வெறுங்கை. பத்துப் பேர்கூட இல்லாத தாராவி தோல் பட்டறைகளுக்குப் பொதுவாக இந்த விதியே எட்டாது. அங்கே வேலையை விடுபவர் இழப்பது கூலி மட்டும். ஆனால் வாடகையும் ஊருக்கு அனுப்பும் பணமும் அந்தக் கூலிதான். பத்தாவது தேறாதவர் வளைகுடா செல்ல, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி பொதுவாக அரசு அனுமதியும் வேண்டும். ஏஜெண்டின் வாய்வார்த்தை போதாது. ஒப்பந்தமும் விசாவும் கைக்கு வருமுன் ராஜினாமா கொடுத்து, பயணம் தவறினால், கைமாற்றும் வட்டியும்தான் மிச்சம்.