மூழ்கிய தீவும் மிஞ்சிய கடலும்

புது தில்லி: வங்கக் கடலில் இந்தியாவும் வங்கதேசமும் பல ஆண்டுகள் உரிமை கொண்டாடிய ஒரு தீவு இன்று நீருக்கடியில் கிடக்கிறது. ஆனால், அதைச் சுற்றிய கடல் யாருக்கு என்ற கேள்விக்கு விடை சொன்னது தில்லியோ டாக்காவோ அல்ல. நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் கூடிய ஐவர் நடுவர் மன்றம்.

1970-ஆம் ஆண்டின் கொடும்புயலுக்குப் பிறகு ஹரியாபங்கா ஆற்று முகத்துவாரத்தில் தலைகாட்டிய அந்த மணல்மேட்டை இந்தியா 'நியூ மூர்' என்றது. வங்கதேசம் 'தெற்கு தல்பட்டி' என்றது. 1981-இல் இந்தியக் கடற்படைக் கப்பல் அங்கு சென்றது. மூவண்ணக் கொடியும் ஏற்றப்பட்டது. தீவு முழுமையாக மூழ்கிவிட்டதாக 2010-இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தனர்.

இசைவு தேவைப்படவில்லை

1974 முதல் நடந்த பேச்சுகள் பலனளிக்காத நிலையில், 2009 அக்டோபரில் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 7-வது இணைப்பின்கீழ் வங்கதேசம் வழக்கைத் தொடுத்தது. இதற்கு இந்தியாவின் தனி இசைவு தேவைப்படவில்லை. 1995-இல் உடன்படிக்கையை ஏற்ற இந்தியா, கடல் எல்லைத் தகராறுகளுக்கு விலக்கு கோரும் அறிவிப்பை 298-வது பிரிவின்கீழ் அப்போது செய்திருக்கவில்லை. சீனாவோ 2006-லேயே அதைச் செய்துவிட்டது.

இரு கரைகளுக்கும் சமதூரத்தில் கோடு வரைய வேண்டும் என்பது இந்தியாவின் வாதம். உட்குழிந்த தனது கரைக்கு அது அநீதி என்றது வங்கதேசம். சமதூரக் கோட்டில் தொடங்கிய மன்றம், பின்னர் அதை வங்கதேசத்துக்குச் சாதகமாகத் திருத்தியது. 2014 ஜூலை 7 தேதியிட்ட தீர்ப்பின்படி, தகராறுக்குரிய சுமார் 25,602 சதுர கி.மீ. பரப்பில் 19,467 சதுர கி.மீ. வங்கதேசத்துக்குச் சென்றது. நியூ மூர் இருந்த இடம் இந்தியப் பக்கம் விழுந்தது. ஆனால் எல்லையை அளக்கும் அடிப்படைப் புள்ளியாக அதை ஏற்க மன்றம் மறுத்துவிட்டது. கொடியேற்றிய தீவால் கடல் கிடைக்கவில்லை.

மன்றத்தில் இருந்த இந்தியரான பி.எஸ். ராவ் சில அம்சங்களில் மாறுபட்டார். எனினும் இரு நாடுகளும் தீர்ப்பை ஏற்றன. பெரிய நாடு தனக்குப் பாதகமான தீர்ப்புக்கும் கட்டுப்பட்டது என்ற நற்பெயர் இந்தியாவுக்குக் கிடைத்தது. தென்சீனக் கடல் குறித்த 2016-ஆம் ஆண்டுத் தீர்ப்பை சீனா நிராகரித்தபோது இந்த முன்னுதாரணத்தின் மதிப்பு கூடியது.

கச்சத்தீவுக்குப் பொருந்துமா?

வங்கதேசத்துடன் நில எல்லைப் பகுதிகளைப் பரிமாறிக்கொள்ள 2015-இல் நூறாவது அரசியல் சாசனத் திருத்தம் தேவைப்பட்டது. கடல் தீர்ப்புக்காக அத்தகைய திருத்தம் எதுவும் கொண்டுவரப்படவில்லை.

இதே வழியில் கச்சத்தீவை மீட்கலாமே என்று தமிழகத்தில் கேட்போர் உண்டு. உடன்படிக்கையின் விதிகள் அதற்கு இடம்தருவதாகத் தெரியவில்லை. நாடுகளிடையே ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தால் அதன்படியே எல்லை முடிவாகும் என்கிறது 74-வது பிரிவு. இலங்கையுடன் 1974, 1976 ஒப்பந்தங்கள் இருக்கின்றன. எனவே, அந்தக் கேள்விக்கு விடை தேட வேண்டிய இடம் தி ஹேக் அல்ல, தில்லியும் கொழும்பும்தான்.