விளிம்பு இல்லாத பக்கம்

திருமண அழைப்பிதழ் அச்சேறியதும் வேலை முடிந்தது. தாளின் அளவு மாறாது, எழுத்து இடம் பெயராது. இணையப் பக்கமோ எங்கேயும் படமாக இருப்பதே இல்லை. சர்வரிலிருந்து உரையும் விதிகளும் வருகின்றன. அவற்றைக் கொண்டு உங்கள் கைப்பேசியின் பிரவுசர், திறக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்தைப் புதிதாகக் கணக்கிட்டு வரைகிறது. சிறு திரைக்கு ஒரு கணக்கு, மேசைக் கணினிக்கு வேறு, எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருக்கும் தாத்தாவுக்கு இன்னொன்று!

தோற்றத்துக்கான அந்த விதிகளின் மொழி சிஎஸ்எஸ். செர்ன் ஆய்வுக்கூடத்தில் இருந்த ஹோகன் வியம் லீ 1994-இல் அதை முன்மொழிந்தார். எழுதியவரின் விருப்பமும் வாசிப்பவரின் விருப்பமும் கலந்தே தோற்றம் முடிவாக வேண்டும் என்ற எண்ணம் அப்போதே அதில் இருந்தது. 2010-இல் இணைய டிசைனர் ஈதன் மார்காட், அகலங்களை விகிதமாகக் குறித்து, படங்களைச் சுருங்கவிட்டு, திரையைப் பார்த்து விதியை மாற்றும் முறைக்கு வடிவம் கொடுத்தார்.

ஆகவே, லோகோ அழகாகப் போடுபவர் இணையதளத்தையும் நன்றாகச் செய்வார் என்று நம்ப முடியாது. வருபவர் எதைத் தேடுவார், எங்கே தடுமாறுவார் என்று ஆராய்பவர் யூஎக்ஸ் டிசைனர். பொத்தான், நிறம், எழுத்துரு யூஐ டிசைனரின் பொறுப்பு. இரண்டையும் ஒருவரே செய்வதுண்டு. இருவருக்கும் விதிகளாக யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

தமிழ்த் தளம் என்றால் சோதனை இன்னும் கடுமை. 'கொ' கண்ணுக்கு மூன்று உரு. யூனிகோடில் இரண்டே குறி. ககரத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் உயிர்க்குறியைப் பிரித்து இருபுறமும் வைப்பது கணினியின் வேலை. ஆனால் 'தொடர்புகொள்ளவும்' பொத்தானுக்குள் அடங்குமா, மேல் வரியின் 'கூ' கீழ் வரியின் 'கீ'யை இடிக்குமா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். லத்தீன் எழுத்தில் மாதிரி வரிகளை நிரப்பி வடிவமைப்பவரின் கண்ணில் இவை படவே படாது.

டிசைனரை அமர்த்துமுன் அவர் செய்த தளம் ஒன்றை உங்கள் கைப்பேசியில் திறந்து பாருங்கள். எழுத்தை இரண்டு மடங்காக்குங்கள். வெயிலில் பிடித்துப் படியுங்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது இணைய அணுகல் நெறிமுறை. பிறகு, உங்கள் தமிழ் உரையையே கொடுத்து ஒரு பக்கம் செய்துதரச் சொல்லுங்கள். அதற்கும் கூலி கொடுங்கள்.