உஷார்! முகாம் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

"அம்மா, நாளைக்கே கொடுக்கணும், சைன் பண்ணுங்க" என்று படிவம் 1 படிக்கும் பிள்ளை ஒரு கடிதத்தை நீட்டும். டார்ச்லைட், மாற்று உடை, கொசு மருந்து என்று கொண்டுவர வேண்டிய சாமான்களே முக்கால் பக்கம் இருக்கும். முகாமை நடத்துவது யார், இடத்துக்கு லைசென்ஸ் இருக்கிறதா, பிள்ளைகள் ஆற்றில் இறங்குவார்களா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் பெற்றோர்களே, அவசரப்பட்டுப் பேனாவை எடுக்காதீர்கள்!

2009 அக்டோபர் 26-ஐ நாம் மறக்கலாமா? பேராக், கம்பார் அருகே கோலா டிப்பாங்கில் பள்ளி மாணவர்களுக்கான முகாம். புதிதாகக் கட்டிய தொங்குபாலம். இரவு பத்தரை மணியளவில் பிள்ளைகள் கூட்டமாக அதைக் கடந்தபோது பாலம் அறுந்து விழுந்தது. தொடக்கப்பள்ளியில் படித்த மூன்று இந்தியச் சிறுமிகளை ஆறு அடித்துக்கொண்டு போனது. புதுப் பாலம்தானே என்று நம்பியிருப்பார்கள். எத்தனை பேர் ஒரே நேரத்தில் ஏறலாம், அந்த இருட்டில் ஏன் கடக்க வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் என்று இன்றும் நெஞ்சு பதறுகிறது.

கோலாலம்பூருக்குப் பக்கத்திலேயே, பத்தாங் காலியில், 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் நிலம் சரிந்தது. ஒரு பண்ணையில் கூடாரம் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மலை மண் வந்து விழுந்து 31 பேர் மாண்டார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. அது பள்ளி நடத்திய முகாம் அல்ல, விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாகப் போனவர்கள். அந்தப் பண்ணைக்கு முகாம் நடத்த லைசென்ஸே இல்லை என்பது எல்லாம் முடிந்த பிறகுதான் வெளியே வந்தது. லைசென்ஸ் இருந்தாலே மலை நிற்கும் என்று சொல்லவில்லை. ஆனால் அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் போயிருந்தால், சரிவுக்குக் கீழே கூடாரம் போடலாமா என்று யாராவது ஓர் அதிகாரி பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால் ஊராட்சி மன்ற அனுமதியைக் கேளுங்கள், நகலையும் கேளுங்கள். கேட்பதால் ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார். பிள்ளைகளோடு அங்கே தூங்கப் போகிறவர் அவரும்தான்.

அடுத்த ஆபத்து ஆறு. உலு லங்காட், உலு யாம் பக்கம் போகும் முகாம்களில் ஆற்றில் இறங்காமல் பிள்ளைகள் திரும்புவதே இல்லை. இங்கே வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டும். கொஞ்ச நேரத்தில் "கெப்பாலா ஆயர்" எனும் திடீர் வெள்ளம் திமுதிமுவென்று இறங்கிவிடும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கரையேற வேண்டும். செருப்பு, கைப்பேசி எதையும் எடுக்கத் திரும்பக்கூடாது, அக்கரைக்குக் கடக்கவும் கூடாது. இதை முகாமில் சொல்லிக்கொடுப்பார்கள் என்று இருந்துவிடாதீர்கள். இன்று இரவே சாப்பாட்டு மேசையில் சொல்லுங்கள். மழை வந்தால் ஆற்று நடவடிக்கையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று ஏற்பாட்டாளரிடம் பெயரைக் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளை வீடு திரும்பிவிட்டால் பயம் தீர்ந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. எலியின் சிறுநீர் கலந்த ஆற்றுத் தண்ணீரும் சேறும் கீறல் வழியாக உடம்பில் ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். இரண்டு நாளிலும் வரலாம், ஒரு மாதம் கழித்தும் வரலாம். காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு. சிலாங்கூரில் காய்ச்சல் என்றாலே முதலில் டெங்கிதான் நினைவுக்கு வரும், முகாம் போனது யாருக்கும் ஞாபகம் இருக்காது. சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும். விட்டால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் கெடுத்து உயிரையே பறிக்கும். ஆகவே முகாம் முடிந்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால் பெனடோல் கொடுத்துப் படுக்க வைக்காதீர்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போய், "என் பிள்ளை ஆற்றில் குளித்தது" என்று டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள்.