ஓடும் சொத்து – 7: டெல்லி வண்டி

துபாயிலிருந்து திரும்பும் ராசிபுரத்துக்காரருக்கு அங்கே ஓட்டிய காரைக் கப்பலேற்றிவிடும் ஆசை வருவது இயல்பு. நடக்காது. அங்கே ஸ்டீயரிங் இடப்பக்கம். இந்தியாவுக்குள் நுழையும் பழைய காருக்கு அது வலப்பக்கம் இருக்க வேண்டும், தயாரித்து மூன்றாண்டு தாண்டியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகத்தில்தான் இறங்க வேண்டும். வரியோ காரின் விலையையே மிஞ்சும்.

ஆகவே மலிவு தேடுவோரின் கண் டெல்லிப் பக்கம் திரும்பியது. தலைநகர்ப் பகுதியில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டி ஓடக் கூடாது என்று 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது; 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. (2025 ஆகஸ்டில் அதே நீதிமன்றம், வயதை மட்டும் வைத்து உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை வேண்டாம் என்றது. அதற்குள் எத்தனையோ வண்டிகள் மாநிலம் தாண்டிவிட்டன.) இங்கே காரின் பதிவு பதினைந்தாண்டு செல்லும். அங்கே ஒன்பது வயதில் கிழடாகிவிடும் இன்னோவா இங்கே நடுவயதுதான். விலை சரியும் இடம் அது.

ஆனால் டெல்லியில் உண்மையில் வாங்கவேண்டியது வண்டியை அல்ல, தடையில்லாச் சான்றான என்.ஓ.சி.யை. படிவம் 28-ல் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்து ஒட்ட வேண்டும். பழைய கடன் இருந்தால் ஃபைனான்ஸ்காரர் கடிதமும் வேண்டும். எந்த ஆர்.டி.ஓ. எல்லைக்கு வண்டி போகிறது என்பதும் அதில் எழுதப்படும். திருச்செங்கோட்டுக்காரர் அவசரத்தில் நாமக்கல் என்று எழுதி வாங்கிவிட்டால், டிஎன் 34 கிடைக்க மறுபடி டெல்லியைத்தான் நாட வேண்டும். விண்ணப்பித்து முப்பது நாளில் பதில் வராவிட்டால் என்.ஓ.சி. வழங்கியதாகவே கருதலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-வது பிரிவு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையில் காகிதம் இல்லாமல் எந்தக் கவுண்டரில் போய் அதைச் சொல்வது?

அடுத்தது வரி. டெல்லியில் கட்டியது இங்கே செல்லாது. தமிழ்நாட்டு ஆயுள் வரியை வண்டியின் வயதுக்கேற்பக் கட்ட வேண்டும். பேரம் பேசும்போது இந்தத் தொகையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. டெல்லியில் சேமித்ததில் கணிசமான பங்கு இங்கேதான் கரைகிறது.

வெளிமாநில நம்பரோடு பன்னிரண்டு மாதம் ஓட்டலாமே என்று சிலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். அந்த அவகாசம் நம்பரை மாற்றத்தான், பேரை மாற்ற அல்ல. பேர் மாற்ற வாங்கியவருக்கு முப்பது நாள்தான். வேறு மாநிலத்துக்கு விற்றவர் 45 நாளுக்குள் உரிய தாள்களை அனுப்பிவிட வேண்டும்.

விற்றவருக்கும் இதில் தலைவலி உண்டு. பலமுறை கைமாறியும் ஆர்.சி.யில் பேர் மாறாத கார் ஒன்று விபத்தில் சிக்கிய வழக்கில், பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாவியைக் கொடுத்துக் காசை எண்ணி வாங்கியவர், பார்த்தேயிராத டிரைவருக்காகப் பணம் கட்டும் நிலை. லாரி வாங்கி விற்றே பழகிய நாமக்கல்காரர்கள் பேர் மாற்றத்தை முடிக்காமல் விடக் கூடாது என்று ஏன் வற்புறுத்துகிறார்கள் என்பது இப்போது விளங்கும்.

(அடுத்த வாரம்: நம்மூர் வண்டிக்கு நாகாலாந்து நம்பர்)