கூரை இல்லாத அரண்மனை

முராசாகி ஷிகிபு என்ற ஜப்பானிய அரசவைப் பெண்மணி சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் எழுதியது ‘கெஞ்சியின் கதை’. மொத்தம் 54 அத்தியாயங்கள். 12-ஆம் நூற்றாண்டில் அது ஓவியச் சுருளானது. அந்த ஓவியங்களில் மாளிகைகளுக்குக் கூரையே கிடையாது! மேலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் அறைக்குள் நடப்பதெல்லாம் தெரியும். முகங்களோ ஏறக்குறைய ஒரே அச்சு: கண்ணுக்கு ஒரு கீற்று, மூக்குக்கு ஒரு கொக்கி. அழுகிறாளா, சிரிக்கிறாளா, கண்டுபிடிப்பது கடினம்தான். பிறகு சோகத்தை எப்படிக் காட்டினார்கள்? நாயகி இறக்கும் தறுவாயில் இருக்கும் காட்சியில் தோட்டத்தைப் பாருங்கள். காற்றில் வளைந்து தவிக்கின்றன இலையுதிர்காலப் புற்கள். அந்தக் காட்சி இன்று டோக்கியோவின் கோட்டோ அருங்காட்சியகத்தில் உள்ளது. எஞ்சிய துண்டுகளில் பெரும்பகுதி நகோயாவில்.