படியுருவும் உடைமையும்: ‘ஏலியன் றிசரெக்‌ஷன்’ திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

விண்வெளிக் கதைகளை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடும் போக்கு ஆய்வாளரிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. ஆயினும், ஒரு சமுதாயம் தனது விஞ்ஞானத்தைப் பற்றி நேரிற் கூறத் தயங்கும் அச்சங்கள் இத்தகைய கதைகளில் வெளிப்படுவதுண்டு. ஷான்-பியேர் ஷெனே நெறிப்படுத்தி 1997ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏலியன் றிசரெக்‌ஷன்’ திரைப்படத்தை இந்நோக்கில் ஆராய்வது பயனுடைத்து. வேற்றுக்கிரக உயிரிகள் வேட்டையாடும் விண்கலமொன்றிற் சிக்குண்ட குளோன் (படியுரு) பெண்ணொருத்தியின் கதை அது. அவளைத் துரத்துவது அவ்வுயிரிகள் மட்டுந்தானா என்பதே எமது வினா.

இவ்வரிசையின் முதற்படமான ‘ஏலியன்’ 1979இல் றிட்லி ஸ்கொற்றின் நெறியாள்கையில் வெளிவந்தது. கனிப்பொருளை இழுத்துச் செல்லும் வணிகக் கலமொன்றின் ஏழு ஊழியரே அதன் மாந்தர். பொறிப்பகுதித் தொழிலாளர் இருவர் தமக்குரிய பங்குப்பணம் குறைவென முறையிடுவது தொடக்கத்திலேயே இடம்பெறுகின்றது. உயிரியைக் கொணர்வதே முதன்மை, அதன்பொருட்டு ஊழியரை இழக்கலாம் எனக் கம்பனி இரகசியமாக ஆணையிட்டிருந்தமை பின்னரே தெரியவருகின்றது. உயிர் தப்பிய றிப்ளி என்னும் பெண், 1992இல் வந்த மூன்றாம் படத்தின் இறுதியில், தன்னுள் வளரும் உயிரி கம்பனியின் கையிற் சேராதிருக்க உலைத்தீயில் வீழ்ந்து மாய்கின்றாள்.

அந்த மரணமும் செல்லாததாக்கப்படுகின்றது. 200 ஆண்டுகளின் பின்னர், எஞ்சிய குருதி மாதிரிகளைக் கொண்டு படைத்துறை விஞ்ஞானிகள் அவளை ஓரிகா என்னும் கலத்தில் மீளப் படைக்கின்றனர். அவர்கள் வேண்டுவது அவளையன்று. அவளுள் வளரும் அரசி உயிரியின் முளையத்தையே. அது அகற்றப்பட்டபின் அவள் வெறும் உபவிளைபொருள். அவள் கையிற் பச்சைகுத்தப்பட்டிருப்பது 8 என்னும் இலக்கம். புதிய உயிரிகளை வளர்ப்பதற்கு மனித உடல்கள் வேண்டும். அதற்கெனக் கடத்திவரப்பட்டோருள் ஒருவன், நிக்கல் சுத்திகரிப்பாலையொன்றில் வேலைக்கெனச் சென்றுகொண்டிருந்தவன். திரைப்படம் ஒரு வசனத்தோடு கடந்துவிடும் இவ்விபரத்தை நாம் கடந்துவிடலாகாது.

தப்பியோடும் வழியில் றிப்ளி ஓர் அறையினுட் புகுகின்றாள். அங்கே 1 முதல் 7 வரையான முன்னைய முயற்சிகள், உருச்சிதைந்த நிலையிற் பேணப்பட்டுள்ளன. ஏழாமவள் இன்னும் உயிரோடிருந்து, தன்னைக் கொன்றுவிடுமாறு இரக்கின்றாள். றிப்ளி அவ்வறையையே தீயிடுகின்றாள். உடன்வந்த கூலிப்படையாளுக்கு அது வீண்செலவாகவே தோன்றுகின்றது. படத்தின் உயிர்நிலை இக்காட்சியே எனலாம்.

இஃது முற்றிலுங் கற்பனையன்று. 1996இல் ஸ்கொத்லாந்தின் றொஸ்லின் நிறுவகத்திற் பிறந்த டொலி என்னும் செம்மறியாடு, இப்படம் வெளிவருவதற்குச் சில மாதங்களின் முன்னரே உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன்பொருட்டு 277 முட்டைக்கலங்கள் பயன்பட்டன, 29 முளையங்கள் உருவாகின, பிறந்தது ஒன்றே. வெற்றியின் பின்னால் உள்ள அறையை நாம் காண்பது அரிது.

உயிரை உடைமையாக்கும் வழி அதற்கு முன்பே திறந்துவிட்டது. எண்ணெயைச் சிதைக்குமாறு ஆனந்த சக்கரவர்த்தி மாற்றியமைத்த பற்றீரியாவுக்கு ஆக்கவுரிமை வழங்கலாமென 1980இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்த்தது. டொலி போன்ற படியுருக்களுக்கோ 2014இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று அவ்வுரிமையை மறுத்தது. இயற்கையான விலங்கினின்றும் அவை வேறுபடவில்லை என்பதே காரணம். மனிதப் பரம்பரையலகுத் தொகுதி அதன் இயற்கை நிலையிற் பணவருவாய்க்கு வழியாகலாகாதென யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பிரகடனமும் கூறுகின்றது. மனித உயிருக்கு ஆக்கவுரிமை வழங்குவதை அமெரிக்கச் சட்டம் 2011இல் வெளிப்படையாகவே தடுத்துள்ளது.

இக்காப்புக்கள் ‘இயற்கை’, ‘மனிதர்’ என்னும் இரு சொற்களிலேயே தங்கியுள்ளன என்பது மனங்கொள்ளத்தக்கது. எட்டாம் றிப்ளியின் குருதியோ உயிரியின் குருதிபோல் உலோகத்தை அரிக்கின்றது. அவள் இயற்கையானவளல்லள், மனிதப் பெண்தானா என்பதும் ஐயமே. சட்டம் கைவிடக்கூடிய அந்த எல்லையிலேயே படம் அவளை நிறுத்துகின்றது.

குறையும் உண்டு. கம்பனியின் இடத்திற் கொடிய தளபதியையும் விஞ்ஞானியையும் வைத்ததன்மூலம், ஓர் அமைப்பின் தீங்கு தனிமனிதரின் தீங்காகச் சுருங்கிவிடுகின்றது. முதற்படத்தின் தொழிலாளரது குரலும் மறைந்துவிடுகின்றது.

படியாக்க விஞ்ஞானமே தீதென்பது எமது முடிபன்று. உயிரி பசியினாலும் இனப்பெருக்கத்தின் பொருட்டும் வேட்டையாடுகின்றது. அதனை வளர்த்தவர்களோ கணக்குப் பார்த்து வேட்டையாடுகின்றனர். ஆய்வுகூடத்தின் கதவு எவருடையது, அதனுள் பிறப்பது எவருக்குரியது என்ற வினாக்களை எழுப்பாத எந்த அறவியலும் அவ்வேட்டையைத் தடுக்கமாட்டாது.