நெல்லியும் நுரையீரலும்

அண்ணாமலையை வலம்வரும் ஏறத்தாழ 14 கிலோமீட்டர்ப் பாதையில் அமைந்த சிற்றூர் அடி அண்ணாமலை. முழுமதி நாள்தோறும் பெருந்திரளான மக்கள் நடந்து செல்லும் அவ்வழி, 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் முதல், கொரோனா நோயின் பொருட்டுக் கிரிவலம் தடுக்கப்பட்டு, மாதக்கணக்கில் வெறிச்சோடிக் கிடந்தது. அந்நாளில் தமிழகமெங்கும் வீடுகளிற் கபசுரக் குடிநீர் கொதித்தது. அரசாங்கமும் அதனையும், வைட்டமின் சி, துத்தநாக மாத்திரைகளையும் மக்களுக்கு வழங்கிற்று. நெல்லியும் எலுமிச்சையும் நோயைத் துரத்தும் என்று பலர் நம்பினர். இந்நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யாகும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

நம் உடல் உணவைப் பிராணவாயுவின் துணைகொண்டு எரித்தே வலிமை பெறுகிறது. அவ்வெரிப்பிற் பிராணவாயுவின் கடுமையான சில வடிவங்கள் தோன்றும். அவை தாம் தொட்ட பொருளைச் சிதைக்கும் இயல்பின. அவற்றின் வேகத்தைத் தணிப்பவையே ஆன்டிஆக்ஸிடென்ட்டுகள், அதாவது ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். குளூட்டாதயோன் போன்ற சிலவற்றை உடலே ஆக்கிக்கொள்ளும். வைட்டமின் சி, வைட்டமின் ஈ முதலியன உணவின் வழியே வரவேண்டும். நெல்லிக்கனி வைட்டமின் சி மிகுதியும் உடையது. தகடூர் அதியமான் அரிய நெல்லிக்கனியை ஔவைக்கு ஈந்த செய்தியைப் புறநானூற்றிற் பயின்ற நமக்கு அக்கனியின்மீது பற்று மிகுவதில் வியப்பில்லை.

எனினும், அக்கடிய பொருள்கள் முற்றும் பகையல்ல. இரத்தத்தின் வெள்ளணுக்கள் கிருமிகளைக் கொல்லுதற்கு அவற்றைத் தாமே உண்டாக்குகின்றன. தீயின் தலமெனப் பெயர்பெற்ற திருவண்ணாமலையில் இதனை விளக்குதல் எளிது: தீ அடுப்பில் அடங்கினாற் சோறாக்கும், கூரையேறினால் வீட்டை அழிக்கும். இன்ஃபுளுவென்சா, கொரோனா போன்ற நோய்கள் முற்றும்போது வெள்ளணுக்கள் நுரையீரலில் அளவிறந்து திரள்கின்றன. மெல்லிய காற்றறைகளின் சுவர் சிதைந்து நீர் நிரம்புகிறது. இரத்தத்திற் பிராணவாயு குறைகிறது. அந்நிலையிற் பலருக்கு வைட்டமின் சியின் அளவும் தாழ்ந்திருக்கும்.

குறைந்ததை நிரப்பினால் நோய் தீருமன்றோ? 1989-இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர், இன்ஃபுளுவென்சா கண்ட எலிகளுக்கு அக்கடிய பொருளை அழிக்கும் நொதியொன்றைச் செலுத்தி, அவற்றின் சாவைக் குறைத்தனர். மனிதரிடமோ அவ்வெற்றி கிட்டவில்லை. வீட்டிலிருந்த கொரோனா நோயாளர்க்கு வைட்டமின் சியும் துத்தநாகமும் மிகுதியாக அளித்தும் நோய்க்காலம் குறிப்பிடத்தக்கவாறு குறையவில்லை என்று 2021-இல் அமெரிக்க ஆய்வொன்று கண்டது. மருத்துவமனையிலிருந்தோர்க்கு நரம்பின் வழியே செலுத்தியும் உயிர்பிழைத்தோர் மிகவில்லை என்று 2023-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு காட்டிற்று. கிருமிநோயால் இரத்த அழுத்தம் தாழ்ந்து தீவிர சிகிச்சையிலிருந்தோரைப் பற்றிய 2022-ஆம் ஆண்டின் ஆய்விலோ, அதனைப் பெற்றவரிடையே சாவும் நீடித்த உறுப்புக் கேடும் கூடுதலாகவே காணப்பட்டன.

இதன் காரணம் யாது? எண்ணெய் வற்றி அணையும் விளக்கு வேறு. காற்றால் அணையும் விளக்கு வேறு. முன்னதற்கு எண்ணெய் வார்த்தாற் போதும். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் ஸ்கர்வி கண்ட மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து நலங்கண்டது அவ்வகை. கடிய நுரையீரல் நோயில் வைட்டமின் குறைவு நோயின் விளைவேயன்றி முதற்காரணமன்று. அங்கே உதவியவை பிராணவாயுவும், வீக்கத்தை அடக்கும் டெக்சாமெத்தசோனும் ஆம். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரிடையே அம்மருந்து சாவை மூன்றிலொரு பங்கு குறைத்தது என 2020-இல் இங்கிலாந்தில் நிறுவப்பட்டது. பிராணவாயு வேண்டாத நோயாளர்க்கு அதனாற் பயனில்லை என்பதும் அவ்வாய்விலேயே தெரிந்தது.

ஆகவே, நெல்லியை நாம் வெறுக்க வேண்டுவதில்லை. நாள்தோறும் உண்ணத்தக்க நல்லுணவு அது. உணவை உயிர்காக்கும் மருந்தெனக் கொண்டு காலந்தாழ்த்துவதே பிழை. கொரோனாவில் மூச்சுத்திணறல் தோன்றுமுன்னரே இரத்தத்திற் பிராணவாயு குறைதலும் உண்டு. ஆதலின், வீட்டில் ஒருவர்க்குக் காய்ச்சலும் இருமலும் இருக்கும்போது, விரலில் மாட்டும் கருவி 94-க்குக் குறைவாகக் காட்டினும், மூச்சு வாங்கினும், கஷாயம் ஆறும்வரை காத்திராது அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். கல்லூரியிற் கற்ற நாம் நம் ஊர்ப் பெரியோர்க்கும் இதனைப் பணிவுடன் எடுத்துரைத்தல் கடனாகும்.